மனையியல் படிக்கப் போகிறீர்களா? முதலில் ஒரு தராசு வாங்குங்கள்

பிளஸ் டூ ரிசல்ட் வந்த மறுவாரமே எங்கள் வீட்டுத் திண்ணைக்கு ஆள் வரத் தொடங்கிவிடும். கன்னியாகுமரி மாவட்டத்தில், குலசேகரத்திலிருந்து திருவட்டார் போகிற வழியில், ரப்பர் தோட்டத்துக்குள் இறங்குகிற பாதையில் எங்கள் வீடு. மார்க் ஷீட்டைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டு ஒரு பெண் வருவாள். கூடவே அம்மாவோ மாமாவோ. "மோள் படிச்ச படிப்பு இவளுக்குச் சரிப்படுமா?" என்று என்னைப் பார்த்துக் கேட்பார்கள்.

நான் ஹோம் சயின்ஸ் என்கிற மனையியல் படித்தவள். 2004இல் இளங்கலையில் சேர்ந்தேன், அப்புறம் ஊட்டச்சத்துப் பிரிவில் முதுகலை. இப்போது நாகர்கோவிலில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் டயட்டீசியன். வருகிறவர்களிடம் நான் மார்க்கைக் கேட்பதில்லை. "வீட்டுல தராசு இருக்கா?" என்றுதான் கேட்பேன். சமையலறைத் தராசு இப்போது ஐந்நூறு ரூபாய்க்குள் கிடைக்கிறது. ஏழு நாள், வீட்டில் யார் யார் என்னென்ன சாப்பிடுகிறார்கள் என்று கிராம் கணக்கில் எழுதிக்கொண்டு வரச் சொல்வேன். பாதிப் பேர் திரும்பி வருவதில்லை. அதில் எனக்கு வருத்தமும் இல்லை. மூன்று வருஷம் ஃபீஸ் கட்டிய பிறகு தெரிவதை ஏழு நாளில் தெரிந்துகொண்டால் லாபம்தானே.

வீட்டில் கண்ணளவிலும் கையளவிலும் நடக்கிற காரியங்களை அளந்து, எழுதி, ஏன் அப்படி என்று சொல்கிற படிப்பு இது. சமைக்கப் பிடிக்கும் என்பதற்காக மட்டும் வருகிறவர்கள் முதல் வருஷமே திணறுவார்கள். உயிர்வேதியியல் வரும், உடலியங்கியல் வரும், நுண்ணுயிரியல் வரும், கடைசியில் புள்ளியியலும் வரும். என் வகுப்பில் பிரமாதமாகப் பிரியாணி வைக்கிற ஒருத்தி, லேபில் பியூரெட் என்கிற அளவுக் குழாயைப் பார்த்துக் கண்கலங்கினாள். வேதியியல் என்றாலே காய்ச்சல் வருகிறவர்கள் இரண்டு தடவை யோசியுங்கள்.

ஆனால் அந்த வேதியியல் வீட்டுக்குள்ளேயே இருப்பதுதான் வேடிக்கை. எங்கள் பாட்டி மரச்சீனிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, அவிக்கும்போது கொதித்த முதல் வெள்ளத்தை (எங்கள் ஊரில் தண்ணீர்தான் வெள்ளம்) வடித்துக் கொட்டிவிடுவாள். ஏன் என்றால் "அப்படித்தான்" என்பாள். கிழங்கில் லினமாரின் என்று ஒரு பொருள் இருக்கிறது, அதிலிருந்து சயனைடு உண்டாகும், வெட்டி வேகவைத்து வெள்ளத்தை வடித்தால் பெரும்பகுதி போய்விடும் என்று நான் இரண்டாம் வருஷத்தில் படித்தேன். கிழங்கில் புரதம் மிகக் குறைவு. நூறு கிராமில் ஒரு கிராம் தேறினால் அதிகம். அதே நூறு கிராம் சாளை மீனில் இருபது கிராம் அளவுக்கு இருக்கும். கிழங்கும் மீன்கறியும் ஏன் சேர்ந்தே தட்டுக்கு வருகின்றன என்பது அன்றைக்குத்தான் புரிந்தது.

நான் கணக்கில் சறுக்கிய கதையையும் சொல்லிவிடுகிறேன், யாருக்காவது உதவும். முதுகலை ஆய்வுக்கு அண்டி ஆபீஸ், அதாவது முந்திரி ஆலைப் பெண்களின் உணவை எடுத்துக்கொண்டேன். அம்மா அங்கேதான் வேலை பார்த்தாள். முந்திரித் தோட்டிலிருந்து வடிகிற எண்ணெய் பட்டு அவள் விரல்நுனிகள் எப்போதும் கறுத்து, தோலுரிந்து கிடக்கும். அந்தப் பெண்களிடம் முந்தைய 24 மணி நேரத்தில் சாப்பிட்டதை நினைவுபடுத்திச் சொல்லச் சொல்ல வேண்டும். "நேத்து என்ன சாப்பிட்டீங்க?" என்று மொட்டையாகக் கேட்டால் "என்னத்த சாப்பிட, கஞ்சிதான்" என்று முடித்துவிடுவார்கள். விடியற்காலை குடித்த கட்டஞ்சாயா (பால் விடாத டீ), அதில் போட்ட சீனி, பக்கத்தில் இருந்தவள் நீட்டிய அரைப்பழம், தேங்காய் திருவும்போது வாயில் போட்டுக்கொண்டது, இதெல்லாம் சாப்பாட்டுக் கணக்கில் சேராது. அதனால் எழுந்தது முதல் படுத்தது வரை அவர்களோடு கூடவே அந்த நாளை நடந்து வர வேண்டும். கையோடு தம்ளர், கிண்ணம், கரண்டி எல்லாம் கொண்டுபோய் "இதுல எத்தனை?" என்று கேட்க வேண்டும். ஒரு அக்காவின் வீட்டுத் தம்ளர் என் தம்ளரைவிட ஒன்றரை மடங்கு பெரியது. அதை அவர் வீட்டுக்குப் போய்ப் பார்த்த பிறகுதான் கண்டுபிடித்தேன்.

நாற்பது படிவம் நிரப்பிக் கணக்குப் போட்டால், இரத்தசோகையில் வெளுத்துப்போன பெண்கள் எல்லாரும் நாளுக்கு மூவாயிரத்துச் சொச்சம் கலோரி சாப்பிடுவதாக வந்தது. என் வழிகாட்டி ஆசிரியை படிவங்களைப் புரட்டிவிட்டு, "இவங்க எல்லாம் குஸ்தி பழகுறாங்களாம்மா?" என்றார். விஷயம் இதுதான்: நான் எழுதியது வெந்த சோற்றின் எடை. சத்து அட்டவணையில் பார்த்தது வேகாத அரிசியின் கணக்கு. நூறு கிராம் அரிசி வெந்தால் இருநூற்றைம்பதிலிருந்து முந்நூறு கிராம் வரை சோறாகும். நாற்பதையும் அடித்துத் திரும்பப் போட்டேன். அந்த அட்டவணையைத் தருவது ஹைதராபாத்தில் இருக்கிற தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். 1918இல் நம் குன்னூரில் ராபர்ட் மெக்கரிசன் தொடங்கிய ஆய்வுக்கூடம்தான் வளர்ந்து 1958இல் அங்கே போனது. இப்போது நடப்பில் இருப்பது 2017ஆம் ஆண்டு அட்டவணை. இந்தப் படிப்புக்குப் போகிறவர்கள் அதோடு குடும்பம் நடத்தியே ஆக வேண்டும்.

சரி, உள்ளே என்னென்ன இருக்கிறது? மனையியல் ஒரு படிப்பு மாதிரித் தெரியும், ஆனால் ஐந்து. உணவும் ஊட்டச்சத்தும், மனித வளர்ச்சி, துணியியல், குடும்ப வள மேலாண்மை, விரிவாக்கக் கல்வி. இளங்கலையில் எல்லாவற்றையும் தொட்டுக் காட்டுவார்கள், முதுகலையில் ஒன்றைப் பிடிக்க வேண்டும். நம் ஊர்ப் பிள்ளைகள் பத்துக்கு ஒன்பது பேர் ஊட்டச்சத்துக்கே போகிறார்கள். மற்ற நான்கையும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை என்பது என் மனக்குறை.

விரிவாக்கக் கல்வி வகுப்பு எனக்கு மறக்கவே மறக்காது. மக்களிடம் போய்ப் புதிய முறைகளைக் கற்றுக்கொடுப்பது எப்படி என்கிற பாடம். இந்தியாவில் அது எப்படித் தொடங்கியது என்று சொல்லிக்கொண்டே வந்த ஆசிரியை, சாந்திநிகேதனுக்குப் பக்கத்தில் ஸ்ரீநிகேதன், குர்கான் என்று வரிசையாகச் சொல்லி, அடுத்தது "மார்த்தாண்டம்" என்றார். வகுப்பே திரும்பி என்னைப் பார்த்தது. 1920களில் ஒய்.எம்.சி.ஏ. என்கிற கிறிஸ்தவ இளைஞர் சங்கத்தின் சார்பில் ஸ்பென்சர் ஹேட்ச் என்பவர் மார்த்தாண்டத்தில் கிராமச் சீரமைப்பு மையம் நடத்தினார், தேனீ வளர்ப்பும் கோழி வளர்ப்பும் சொல்லிக்கொடுத்தார் என்பது நாடு முழுக்கப் படிக்கிற பாடம். நானோ அந்தச் சந்தைக்கு ஆயிரம் தடவை போயிருக்கிறேன், ஒன்றும் தெரியாது. இன்றைக்கு மார்த்தாண்டம் தேனுக்குப் புவிசார் குறியீடும் இருக்கிறது. இந்தப் பிரிவில் படித்தால் வேளாண் அறிவியல் நிலையங்களில் மனையியல் வல்லுநர் பணி உண்டு. நம் மாவட்டத்து நிலையம் திருப்பதிசாரத்தில் இருக்கிறது. போய் ஒரு நாள் பயிற்சியில் உட்கார்ந்து பாருங்கள். மகளிர் குழுக்களோடு வேலை செய்கிற தொண்டு நிறுவனங்களும் இவர்களைத்தான் தேடுகின்றன.

துணியியலுக்கும் நமக்கும் சம்பந்தமில்லை என்று நினைக்காதீர்கள். 1820களில் நாகர்கோவிலில் கிறிஸ்தவ மிஷனரியான மார்த்தா மால்ட் அம்மையார் பெண்களுக்குச் சரிகைப் பின்னல் சொல்லிக்கொடுத்த ஊர் இது. அந்த 'லேஸ்' வேலை இங்கே எத்தனையோ வீட்டில் அடுப்பெரிய வைத்திருக்கிறது. துணியியல் படித்த என் தோழி திருப்பூரில் ஆர்டர்களைக் கவனிக்கிற மெர்ச்சண்டைசர். துணியில் வட்டமாக ஒரு துண்டு வெட்டி எடைபோட்டு, சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்று பார்ப்பதில் அவள் நாள் தொடங்குகிறது. அங்கேயும் தராசுதான், பாருங்கள். மனித வளர்ச்சி படித்தவர்கள் மழலையர் பள்ளிக்கும் சிறப்புப் பள்ளிக்கும் போகிறார்கள். சிறப்புக் கல்விக்கு இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் அங்கீகரித்த தனிப் படிப்பும் பதிவும் வேண்டும், இந்தப் பட்டம் மட்டும் போதாது.

எங்கே படிப்பது? கோவை அவினாசிலிங்கம் மனையியல் நிறுவனம் இதில் பேர்பெற்றது. அவினாசிலிங்கம் செட்டியார் 1957இல் கல்லூரியாகத் தொடங்கினார், ராஜம்மாள் தேவதாஸ் அம்மையார் அதை வளர்த்தெடுத்தார், 1988இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆனது. பெண்களுக்கு மட்டும். மதுரையில் தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் கல்லூரி இருக்கிறது. முன்பு மனையியல் கல்லூரி, இப்போது சமுதாய அறிவியல் கல்லூரி. அது நான்கு வருஷப் படிப்பு, சேர்க்கை வேளாண் பல்கலைக்கழகத்தின் இணைய விண்ணப்பம் வழியாக. அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு அங்கேயும் உண்டு, பல பேருக்கு இது தெரியவில்லை. திண்டுக்கல் பக்கம் காந்திகிராமம், சென்னையில் சில பழைய மகளிர் கல்லூரிகள் என்று இன்னும் இருக்கின்றன. பையன்களும் தாராளமாகப் படிக்கலாம். மகளிர் கல்லூரிகளே அதிகம் என்பதால் இடம் பார்த்துத் தேட வேண்டும், அவ்வளவுதான்.

எங்கள் மேற்குப் பகுதிப் பிள்ளைகளுக்குப் பாறசாலை தாண்டினால் திருவனந்தபுரம். அங்கே வழுதைக்காட்டு அரசு மகளிர் கல்லூரியில் மனையியல் துறை இருக்கிறது. வீட்டிலிருந்தே போய்வரலாம் என்பது பெரிய வசதிதான். ஆனால் நம் சாதிச் சான்றிதழைக் காட்டிக் கேரளத்தில் ஒதுக்கீடு கேட்க முடியாது என்பதைச் சேருமுன் கணக்கில் வையுங்கள். செலவைப் பற்றி ஒரு வரி: ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்த பெண்ணாக இருந்தால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் வரும். கல்லூரி அலுவலகத்தில் நச்சரித்தாவது பதிந்துவிடுங்கள்.

இனி நான் மிகவும் அழுத்திச் சொல்ல விரும்புவது. சேருவதற்கு முன், பட்டச் சான்றிதழில் என்ன பெயர் அச்சாகும் என்று கேளுங்கள்.

இது பெயர் மாறிக்கொண்டே இருக்கிற படிப்பு. அமெரிக்காவில் இதைத் தொடங்கிய எலன் ரிச்சர்ட்ஸ் ஒரு வேதியியலாளர். அங்கே மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் (எம்.ஐ.டி.) பட்டம் வாங்கிய முதல் பெண், குடிதண்ணீரைச் சோதித்தவர். 1899இல் லேக் பிளாசிட் என்ற ஊரில் அவரும் கூட்டாளிகளும் கூடிப் பேசி 'ஹோம் எகனாமிக்ஸ்' என்று பெயர் வைத்தார்கள். 1994இல் அதையே 'குடும்ப, நுகர்வோர் அறிவியல்' என்று மாற்றிக்கொண்டார்கள். இங்கே வேளாண் பல்கலைக்கழகங்கள் 'சமுதாய அறிவியல்' என்றன. தனியார் கல்லூரிகளோ 'நியூட்ரிஷன் அண்ட் டயட்டிக்ஸ்', 'ஃபுட் சயின்ஸ்' என்று ஆளுக்கொன்று வைத்திருக்கின்றன. பாடம் முக்கால்வாசி ஒன்றுதான். ஆனால் அரசு வேலை அறிவிக்கையில் பாடத்தைப் பார்க்க மாட்டார்கள், பெயரைத்தான் பார்ப்பார்கள். 2012இல் ஒரு அரசுப் பணிக்கு எழுத்துத் தேர்வு தேறி, சான்றிதழ் சரிபார்ப்புக்குப் போனேன். அறிவிக்கையில் இருந்த பெயரும் என் முதுகலைச் சான்றிதழில் இருந்த பெயரும் வேறு. "இணைக் கல்வித் தகுதிக்கு அரசாணை இருக்கா?" என்றார் எதிரில் இருந்தவர். பெயர் வேறானாலும் இரண்டு பட்டமும் சமம் என்று சொல்கிற அப்படி ஒரு ஆணை உண்டு என்பதே அன்றைக்குத்தான் தெரியும். கொண்டுபோன டிபனைக்கூடப் பிரிக்காமல் பஸ் ஏறினேன்.

அதனால் பின்னாலிருந்து முன்னால் வாருங்கள். எந்த வேலை வேண்டும் என்று முடிவு செய்து, அந்த வேலையின் பழைய அறிவிக்கை இரண்டு மூன்றை இறக்கிப் படியுங்கள். அதில் கேட்கிற பட்டத்தின் பெயரை எழுத்து மாறாமல் குறித்துக்கொண்டு கல்லூரி தேடுங்கள். ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2 முதல் நடக்கிறது, நம் அங்கன்வாடிகள் எல்லாம் அதன் கீழ்தான். அதன் குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலர் பணிக்கு டி.என்.பி.எஸ்.சி. ஆள் எடுக்கும்போது மனையியலையும் ஊட்டச்சத்தையும் கேட்கிறார்கள். மேல்நிலைப் பள்ளி ஆசிரியர் ஆக வேண்டுமானால் மனையியலில் முதுகலையும் பி.எட்.டும். கல்லூரி ஆசிரியர் என்றால் யு.ஜி.சி. நெட் என்கிற தகுதித் தேர்வு, அதில் மனையியல் தனிப் பாடம். பாடத்திட்டத்தின் நகல் ஒன்றைக் கல்லூரி முத்திரையோடு வாங்கி வீட்டில் வையுங்கள். பத்து வருஷம் கழித்துக் கேட்டால் யாரும் தேடித் தர மாட்டார்கள்.

ஆஸ்பத்திரி வேலையைப் பற்றிக் கேட்காமல் யாரும் போவதில்லை. படிப்பு முடிந்த கையோடு பெரிய ஆஸ்பத்திரியில் ஆறு மாதப் பயிற்சி எடுங்கள். இந்திய உணவியல் சங்கத்தின் பதிவுபெற்ற டயட்டீசியன் தேர்வுக்கும் அந்த மாதிரிப் பயிற்சி தேவை. 2021இல் வந்த மருத்துவம்சார் பணியாளர்களுக்கான தேசிய ஆணையச் சட்டத்தில் நாமும் சேர்க்கப்பட்டிருக்கிறோம். எனவே இனிமேல் பதிவில்லாமல் பெயர்ப்பலகை மாட்டுவது சிரமமாகும். சம்பளத்தையும் மறைக்காமல் சொல்கிறேன்: 2009இல் எனக்கு முதல் மாதம் ஏழாயிரம் ரூபாய், அதில் ஹாஸ்டலுக்கு மூவாயிரம். நர்சிங் படித்த பக்கத்து வீட்டுப் பெண் அப்போது வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பிக்கொண்டிருந்தாள். பொறுமை இல்லாவிட்டால் இந்த வேலை கசக்கும்.

வேலை எப்படி இருக்கும் என்றால், என் முதல் வருஷத்தில் நடந்ததைச் சொல்கிறேன். குளச்சல் பக்கத்திலிருந்து கடல் தொழில் செய்கிற ஒருவர், டயாலிசிஸ் நோயாளி. நான் அழகாக ஒரு தாளில் ஓட்ஸ், புரோக்கோலி, ஆப்பிள் என்று எழுதிக் கொடுத்தேன். அவர் மனைவி எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "மக்ளே, இதுல ஒண்ணுகூட எங்க வீட்டுல இல்லியே" என்றார். அவர்கள் வீட்டில் இருந்தது சோறு, மீன், கிழங்கு, கருவாடு. கட்டிலுக்கு அடியிலோ, பார்க்க வந்தவர்கள் வைத்துவிட்டுப் போன ஆறு இளநீரும் ஒரு சீப்பு ஏத்தம்பழமும் (நேந்திரம்பழம்). நம் ஊரில் நோயாளியைப் பார்க்க வெறுங்கையோடு யாரும் வருவதில்லையே. சிறுநீரகம் பழுதானவருக்குப் பொட்டாசியம் உடம்பில் தேங்கும், தேங்கினால் இதயத் துடிப்பே தடுமாறும். இளநீரிலும் ஏத்தம்பழத்திலும் அது நிறைய. என் தாளில் 'இளநீர் கூடாது' என்று ஒரு வரி இல்லை. பாடப்புத்தகத்தில் படித்தது மொத்தமும் தலையில் இருந்தது, கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்க்கத்தான் தோன்றவில்லை.

அன்றைக்கே தாளைக் கிழித்துவிட்டு அந்த அம்மாவோடு உட்கார்ந்தேன். கிழங்கையும் காய்கறியையும் சின்னதாக நறுக்கி நிறைய வெள்ளத்தில் வேகவைத்து வடிப்பது, மீன் எத்தனை துண்டு, கருவாடு ஏன் வேண்டாம், ஒரு நாளைக்குக் குடிக்கிற வெள்ளத்தை எந்தப் பாத்திரத்தில் அளந்து வைப்பது என்று அவர் வீட்டுச் சாமான்களை வைத்தே எழுதினோம். இப்போதும் புதிதாக வருகிற பயிற்சிப் பெண்களை முதலில் வார்டில் கட்டிலுக்கு அடியில் பார்க்கத்தான் அனுப்புவேன்.

சொந்தத் தொழில் ஆசை உள்ளவர்களுக்கு ஒன்றே ஒன்று. ஏத்தங்காய்ப் பொடி, சிறுதானிய மாவு என்று வீட்டிலிருந்து விற்கப் பலர் இறங்குகிறார்கள். உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிந்து, அந்த 14 இலக்க எண்ணை உறையில் போட வேண்டும் என்பது ஓரளவு எல்லாருக்கும் தெரிகிறது. ஆனால் "குழந்தைக்கு நல்லது" என்று சமூக ஊடகத்தில் படம் போடுகிறார்களே, அங்கேதான் மாட்டுவார்கள். 1992ஆம் ஆண்டின் சட்டப்படி இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கான உணவை விளம்பரம் செய்யவே கூடாது. மனையியல் படித்த நாமே அதை மீறினால் நன்றாகவா இருக்கும்?

போன வருஷம் ஒரு பெண் ஏழு நாள் கணக்கோடு திரும்பி வந்தாள். வரித் தாள் நோட்டு, அப்பா, அம்மா, தம்பி, தான் என்று நான்கு பத்தி. எல்லாம் கிராமில். தம்பியின் பிஸ்கட்டைக்கூட உடைந்த துண்டு வரைக்கும் நிறுத்திருந்தாள். அம்மா பத்தியில் மட்டும் தேங்காய்க்கு நேரே ஏழு நாளும் கேள்விக்குறி.

"அக்கா, இதை எப்படி நிறுக்கணும்னு தெரியல. திருவும்போதே அம்மா வாயில போட்டுக்குறாங்க. கேட்டா, இல்லங்காங்க."

திருவுவதற்கு முன்னால் முறியை நிறு, திருவி முடித்த பிறகு துருவலையும் சிரட்டையையும் சேர்த்து நிறு, குறைவது அம்மா கணக்கு என்றேன். நோட்டைத் திருப்பி வைத்து, கடைசிப் பக்கத்தில் அதை எழுதிக்கொண்டாள்.